பள்ளி நாடக அரங்குக்கு முழுநேரத் தொழில்நுட்ப இயக்குநர்: யாருக்குத் தேவை, எப்படித் தேர்ந்தெடுப்பது?

சொந்த அரங்கம் இருக்கிறது. ஆண்டுக்கு இரண்டு மூன்று நாடகங்கள் மேடையேறுகின்றன. மேடைக்குப் பின்னால் மாணவர்களே வேலை செய்கிறார்கள். இந்த மூன்றும் ஒரு பள்ளியில் சேர்ந்திருந்தால், முழுநேரத் தொழில்நுட்ப இயக்குநர் ஒருவரை வைத்துக்கொள்வது வீண் செலவல்ல. மூன்றில் ஒன்று இல்லையென்றால் அரைநேர ஆளே போதும். இரண்டு இல்லையென்றால் நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி ஆள் கூப்பிடுவதே நல்லது. ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. மேடைக்கு மேலே படுதாவையும் செட்டையும் தொங்கவிட எதிர் எடையில் ஏறி இறங்கும் குழாய்கள் இருந்தால், ஆண்டுக்கு ஒரு நாடகம்தான் போடுகிறீர்கள் என்றாலும், அந்தக் கட்டமைப்புக்குப் பொறுப்பான ஆள் ஒருவர் நிரந்தரமாக இருந்தே ஆக வேண்டும்.

பல பள்ளிகள் இந்தப் பதவியைத் தவறான கணக்கில் எடை போடுகின்றன. நாடகம் நடக்கும் நாட்களை எண்ணி, "பத்துப் பன்னிரண்டு நாளுக்கு ஒரு முழுச் சம்பளமா?" என்று கேட்கிறார்கள். இவர் சம்பளத்துக்குப் பெரும்பகுதி வேலை செய்வது அரங்கம் காலியாக இருக்கும் நாட்களில்தான். அதைப் புரிந்துகொண்டு வேலைக்கு எடுக்கும் பள்ளிக்கு நல்ல பலன் கிடைக்கும். புரியாமல் எடுத்தால் இரண்டே ஆண்டில் அவர் ராஜினாமா கடிதத்தோடு நிற்பார்.

வேலை என்னவென்று முதலில் தெளிவாக்கிவிடலாம். செட் எப்படித் தெரிய வேண்டும் என்று சொல்பவர் வடிவமைப்பாளர். அது எப்படி நிற்கும், எந்த மரத்தில் செய்வது, எவ்வளவு ஆகும், எத்தனை பேர் ஏறலாம், எப்போது முடியும் என்று சொல்பவர் தொழில்நுட்ப இயக்குநர். வரைபடம், கொள்முதல், தச்சுப் பட்டறை, விளக்கு, ஒலி, மேலே தொங்குபவை, சாமான் கிடங்கு, இவற்றையெல்லாம் மாணவர்களுக்குச் சொல்லித் தருவது எல்லாமே இவர் பொறுப்பு. பள்ளியில் கடைசியாகச் சொன்னதுதான் முதன்மையானது.

மற்ற வழிகளோடு ஒப்பிட்டால்

ஒலி-ஒளி வாடகை நிறுவனம்: ஒரே நாள் இசை நிகழ்ச்சிக்கும் ஆண்டு விழாவுக்கும் இதைவிட நல்ல வழி இல்லை. புதிய கருவிகள் வரும், பழகிய ஆட்கள் வருவார்கள், பழுதானால் வண்டியில் மாற்று இருக்கும். நாடகத்துக்கு ஒத்துவராது. முந்தின நாள் வந்து கட்டுவார்கள். மாணவர்கள் கருவியைத் தொட முடியாது. ஒத்திகையில் பழகாத விளக்கில் நடிகர்கள் முதல் காட்சி ஆடுவார்கள். இன்னொரு சிக்கலும் உண்டு. அரங்கத்தின் சொந்த விளக்குகளுடைய முகவரி எண்களை, அதாவது எந்த எண்ணுக்கு எந்த விளக்கு எரியும் என்பதை, தங்கள் வசதிக்கு மாற்றிவிட்டு, திருப்பி வைக்காமல் போய்விடுவார்கள். அடுத்த வாரம் விளக்குகளை இயக்கும் கன்சோலில் 12-ஐத் தள்ளினால் 31 எரியும். ஐந்துக்கு இரண்டரை.

நாடகத்துக்கு ஒரு ஆள்: அந்த நாடகம் நன்றாக வரும். ஆனால் கிடங்கில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாததால் எல்லாவற்றையும் புதிதாக வாங்கச் சொல்வார். பராமரிப்பு அவர் ஒப்பந்தத்தில் இருக்காது. எந்த சர்க்யூட் எங்கே போகிறது என்று கண்டுபிடித்து வைத்ததெல்லாம் அவரோடு போய்விடும். மூன்று மதிப்பெண்.

நாடகம் சொல்லித்தரும் ஆசிரியரே பார்த்துக்கொள்வது: செலவில்லாத வழியாகத் தெரியும், ஆபத்து அதிகமுள்ள வழி இதுதான். விளக்கு, ஒலி, செட் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும் தொழில்நுட்ப ஒத்திகையின்போது நாடகத்தை இயக்கும் ஆசிரியர் அரங்கின் நடுவில் உட்கார்ந்து நடிகர்களைப் பார்க்க வேண்டும். அதே நேரத்தில் அவர் ஏணியில் நின்று விளக்கைத் திருப்பிக்கொண்டிருந்தால் நடிப்பும் கெடும், ஏணிக்குக் கீழே நிற்கும் பிள்ளைகளையும் யாரும் கவனிக்க மாட்டார்கள். ஒன்று.

அரைநேர ஆள்: இரண்டு நாடகம், தொங்கும் கட்டமைப்பு இல்லாத மேடை, சின்னப் பட்டறை என்றால் இதுவே போதும். நேரத்தை மட்டும் மாலையில் வையுங்கள். காலை எட்டு மணியிலிருந்து பன்னிரண்டு வரை வரச் சொல்லிவிட்டு, மாலை நான்கு மணிக்குத் தொடங்கும் ஒத்திகைக்கு அவர் இல்லையே என்று வருத்தப்படுவதில் பயனில்லை. மூன்றரை.

முழுநேர ஆள்: கீழே சொல்லும் நிபந்தனைகள் சரியாக இருந்தால் நாலரை. இல்லையென்றால் இரண்டு.

காலியான அரங்கில் நடக்கும் வேலை

எதிர் எடைக் கட்டமைப்பிலிருந்து தொடங்குவோம். ஒரு முழுநேர ஆள் ஏன் வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பொருள் மேடையில் இல்லை. குழாயில் படுதாவோ செட்டோ தொங்கும். கம்பி வடங்கள் வழியாக அதன் மறுமுனையில் ஒரு சட்டம். அதில் இரும்பு எடைகளை அடுக்குவார்கள். இரு பக்கமும் சமமாக இருந்தால் நூறு கிலோவை ஒரு கையால் ஏற்றி இறக்கலாம். குழாய் தரைக்கு அருகே இருக்கும்போது எடைச் சட்டம் உச்சியில் இருக்கும். அதனால் வரிசை மாறவே கூடாது. ஏற்றும்போது முதலில் கீழே குழாயில் செட்டைக் கட்டி முடிக்க வேண்டும். பிறகுதான் மேலே எடை வைக்க வேண்டும். கழற்றும்போது குழாயைக் கீழே கொண்டுவந்து, மேலே எடைகளை முதலில் எடுத்துவிட்டு, பிறகுதான் செட்டை அவிழ்க்க வேண்டும்.

நாடகம் முடிந்த இரவில் எல்லோருக்கும் வீட்டுக்குப் போகும் அவசரம் இருக்கும். யாரோ ஒருவர் செட்டை முதலில் அவிழ்த்துவிடுகிறார். இப்போது உச்சியில் இருக்கும் சட்டத்தில் மட்டும் எடை இருக்கிறது. அது விழப் பார்க்கும். குழாயை ஏற்றி இறக்க இழுக்கும் கயிற்றில் இருக்கும் பூட்டு பிடித்துக்கொள்ளும் என்று நம்புவார்கள். அந்தப் பூட்டு சுமார் 50 பவுண்டு, அதாவது 23 கிலோ வரையிலான ஏற்றத்தாழ்வைத் தாங்கத்தான் செய்யப்பட்டது. அதற்கு மேல் போனால் கயிறு வழுக்கும். சட்டம் கீழே பாயும், வெறுங்குழாய் மேலே பறக்கும். கயிற்றைப் பிடித்து நிறுத்தப் பார்ப்பவரின் உள்ளங்கைத் தோல் உரியும். விடாமல் பிடித்தால் ஆளையும் தூக்கும். அப்படி ஓடத் தொடங்கினால் செய்ய வேண்டியது ஒன்றே: கத்தி எச்சரித்துவிட்டு எல்லோரும் விலகி ஓடுவது. இதை ஒரு மாணவர் கூட்டத்துக்கு ஒருமுறை சொல்லி முடித்துவிட முடியாது. ஒவ்வொரு பருவத்திலும் புதிய பிள்ளைகள் வருவார்கள். ஒவ்வொரு பருவத்திலும் செய்துகாட்ட வேண்டும்.

இதே கட்டமைப்பை ஆண்டுக்கு ஒருமுறையாவது தகுதி பெற்ற வெளியாளைக் கொண்டு பரிசோதிக்க வேண்டும். அந்தப் பரிசோதனையை ஏற்பாடு செய்து, அறிக்கையைப் படித்து, சொன்ன குறைகளைச் சரிசெய்து, சரியாகும்வரை அந்தக் குழாயைப் பூட்டி வைப்பது உள்ளே இருக்கும் ஆளின் வேலை. அறிக்கை வாங்கி அலமாரியில் வைத்துவிடும் பள்ளிகள் ஏராளம்.

திரைச்சீலைகள் அடுத்து. பருத்தித் துணியில் தீத்தடுப்பு மருந்து ஏற்றியிருந்தால் அது நிரந்தரமல்ல. தண்ணீரில் துவைத்தால் போய்விடும். ஆண்டுகள் போகப் போகவும் குறையும். ஓரத்து மடிப்பிலிருந்து ஒரு சிறு துண்டை வெட்டி, கட்டடத்துக்கு வெளியே, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வைத்துக்கொண்டு, செங்குத்தாகப் பிடித்துத் தீக்குச்சியை 12 விநாடி காட்டிப் பார்க்கலாம். குச்சியை எடுத்த இரண்டு விநாடிக்குள் துணி தானாக அணைய வேண்டும். எரிந்துகொண்டே போனாலோ எரிந்த துளிகள் சொட்டினாலோ அந்தத் திரை மேடையில் இருக்கக் கூடாது.

1903 டிசம்பர் 30 அன்று சிகாகோவின் இரோகுவா அரங்கில் நடந்த தீ விபத்தில் 600 பேருக்கு மேல் இறந்தார்கள். மேடை விளக்கு ஒன்றின் பொறி துணியில் பற்றியதுதான் தொடக்கம். அந்த அரங்கில் மேடைத் தீ பார்வையாளர் பக்கம் பரவாமல் தடுக்கும் தீத்திரை இருந்தது; இறக்கியபோது பாதி வழியில் சிக்கிக்கொண்டது. மேடைக்கு மேலே புகைபோக்கிகள் இருந்தன, அவை திறக்கவில்லை. வெளியேறும் கதவுகளும் இருந்தன, பல பூட்டியிருந்தன. அது திறந்து சில வாரங்களே ஆன புத்தம் புதிய கட்டடம். கருவி வாங்கி மாட்டுவதோடு பாதுகாப்பு முடிந்துவிடுவதில்லை என்பதற்கு இதைவிடக் கசப்பான சான்று வேண்டியதில்லை. தீத்திரை இறங்குகிறதா, கதவு உள்ளிருந்து தள்ளினால் திறக்கிறதா என்று காலியான அரங்கில் ஒவ்வொரு மாதமும் தள்ளிப் பார்க்க ஒருவர் வேண்டும்.

இவை தவிரச் சின்னச் சின்ன வேலைகள் நிறைய. தொங்கும் ஒவ்வொரு விளக்குக்கும் கிளாம்ப் போக ஒரு பாதுகாப்புக் கம்பி மாட்டியிருக்கிறதா, கேபிள் முனையில் வெளியுறை விலகிச் செம்பு தெரிகிறதா, எர்த் தொடர்கிறதா, தரையில் ஒட்டிய ஒளிரும் பட்டைகள் தேய்ந்துவிட்டனவா, பட்டறையில் வெட்டிய மரம் தகட்டைக் கவ்வாமல் தடுக்கும் வட்ட ரம்பத்தின் பிளவுக்கத்தியை யாராவது கழற்றி மூலையில் போட்டிருக்கிறார்களா. ஒவ்வொன்றும் ஐந்து நிமிட வேலைதான். ஆனால் ஐந்நூறு இடத்தில் ஐந்து நிமிடம்.

நேரக் கணக்கு

ஒரு நடுத்தர நாடகத்துக்கு எட்டு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்: வரைபடமும் கொள்முதலும் இரண்டு வாரம், கட்டுவதற்கு நான்கு, மேடையில் நிறுத்தி விளக்குத் திருப்ப ஒன்று, தொழில்நுட்ப ஒத்திகை, காட்சிகள், செட்டைக் கலைப்பது எல்லாம் சேர்த்து ஒன்று. மூன்று நாடகம் என்றால் 24 வாரம். கல்வியாண்டின் தொடக்கத்தில் இரண்டும் முடிவில் இரண்டும் பராமரிப்புக்கு. ஆகமொத்தம் 28. பள்ளி நடக்கும் வாரங்கள் 38 என்றால் மீதி பத்து வாரத்தில் இசை நிகழ்ச்சி, பரிசளிப்பு, பெற்றோர் கூட்டம் எல்லாம் வந்துவிடும். இரண்டு நாடகம் மட்டுமே என்றால் மேடைத் தொழில்நுட்பத்தை ஒரு பாடமாகவும் அவரையே எடுக்கச் சொல்லுங்கள்; அப்போதுதான் முழுநேரம் நியாயமாக நிரம்பும்.

தொழில்நுட்ப ஒத்திகை வாரத்தில் நாளுக்குப் பத்து மணி நேரம் வீதம் ஆறு நாள் ஆகும். அந்த அறுபது மணியில் கூடுதலாகப் போன நேரத்துக்கு ஈடுசெய்யும் விடுப்பா, கூடுதல் ஊதியமா என்பதை நியமனக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். "பார்த்துக்கொள்ளலாம்" என்று வாய்வார்த்தையாக விட்டதுதான் நல்ல ஆட்கள் வேலையை விட்டுப் போவதற்குப் பெரிய காரணம். காலை எட்டு மணிக் கையெழுத்தும் இரவு பத்து மணி ஒத்திகையும் ஒரே ஆளிடம் கேட்கக் கூடாது. ஒத்திகை நாட்களில் வேலைநேரம் நண்பகலில் தொடங்கட்டும்.

நேர்காணலில் என்ன கேட்பது

விண்ணப்பத்தில் நாடகங்களின் பட்டியல் நீளமாக இருக்கும். அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். அரங்கத்துக்குக் கூட்டிப்போய் ஒன்றரை மணி நேரம் கொடுங்கள்.

முதலில் காகிதமும் பென்சிலும். "8 அடிக்கு 4 அடி தளம், முடிந்த உயரம் 24 அங்குலம். மேலே முக்கால் அங்குல ப்ளைவுட், சட்டம் 2×4 மரத்தில், குறுக்குக்கட்டை இரண்டடிக்கு ஒன்று, ஆறு கால். மரம் 8 அடி நீளத்தில் வருகிறது. வெட்டுப்பட்டியல் எழுதுங்கள்." வேலை தெரிந்தவர் 2×4 அங்குலம் என்று விற்கும் மரத்தின் உண்மைத் தடிமன் ஒன்றரை அங்குலம் என்பதை உடனே கணக்கில் எடுப்பார். நீளவாட்டுக் கட்டைகள் 96 அங்குலத்தில் இரண்டு. குறுக்குக்கட்டைகள் 48-இலிருந்து இருபக்கமும் ஒன்றரை கழிய 45 அங்குலத்தில் ஐந்து. கால்கள் 24-இலிருந்து ப்ளைவுட் தடிமன் போக இருபத்து மூன்றே கால் அங்குலத்தில் ஆறு. கால் ப்ளைவுட்டின் அடிப்பாகத்தைத் தொட்டு நிற்க வேண்டும் என்பதையும் சொல்வார். அப்போதுதான் பாரம் நேராகக் காலில் இறங்கும், போல்ட் பக்கவாட்டில் நிற்கப் பிடித்துக்கொண்டால் போதும். காலுக்கு இரண்டு போல்ட், மூலைவிட்டத் தாங்கு கட்டைகள் தனி.

எத்தனை மரம் வாங்க வேண்டும்? அவசரக்காரர் ஏழு என்பார். நிதானமாக அடுக்கிப் பார்த்தால் ஆறு போதும்: நீளவாட்டுக்கு இரண்டு, குறுக்குக்கட்டை நான்குக்கு இரண்டு, ஐந்தாவது குறுக்குக்கட்டையும் இரண்டு காலும் ஒரே மரத்தில், மீதி நான்கு கால் இன்னொன்றில். ரம்பம் தின்னும் எட்டில் ஒரு அங்குலத்தையும் சேர்த்தாலும் பிடிக்கும். இருபது தளம் கட்டும் செட்டில் இருபது மரம் மிச்சம். ஓர் ஆண்டில் இவர் பள்ளிக்கு மிச்சப்படுத்தப் போவது இப்படித்தான்.

இரண்டாவது, கண் சோதனை. ஒரு பலகையில் கம்பி வடம் ஒன்றை வளையமாக்கி, யூ-போல்ட் கிளிப்புகளில் ஒன்றைத் தலைகீழாக மாட்டி வையுங்கள். சட்டம் கட்டிய மாதிரியில் கறுப்பு நிற ஜிப்சம் ஸ்க்ரூ சிலவற்றைப் போட்டு வையுங்கள். எதுவும் சொல்லாமல் "பாருங்கள்" என்று கொடுங்கள். கிளிப்பின் பள்ளமுள்ள அடிப்பகுதி பாரம் தாங்கும் வடத்தின் மேல் உட்கார வேண்டும். வளைந்த யூ-போல்ட் பாரமில்லாத வால் பக்கம் இருக்க வேண்டும். மாறினால் பாரம் தாங்கும் இழைகளை யூ-போல்ட் நசுக்கிவிடும். கறுப்பு ஸ்க்ரூ சுவர்ப்பலகைக்கானது. கடினமாக இருக்கும், வளையாது, பக்கவாட்டு அழுத்தத்தில் படக்கென்று முறியும். ஆட்கள் ஏறும் எதிலும் அதைப் போடக் கூடாது. இவற்றைக் கேட்காமலே சுட்டிக்காட்டுபவர்தான் நாளைக்கு மாணவர் கட்டியதையும் சுற்றிவந்து பார்ப்பார்.

மூன்றாவது, பழுது. "கன்சோலிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாகக் கேபிளில் கோத்த வரிசையில் கடைசி நான்கு விளக்குகள் மட்டும் மினுக்குகின்றன. முதலில் எதைத் தொடுவீர்கள்?" கன்சோலை அணைத்துப் போடுவேன் என்பது பலவீனமான பதில். ஒழுங்காக எரியும் கடைசி விளக்குக்கும் மினுக்கும் முதல் விளக்குக்கும் நடுவில் இருக்கும் கேபிளை மாற்றுவேன் என்பது சரியான தொடக்கம். அடுத்து, வரிசையின் முடிவில் சிக்னல் எதிரொலித்துத் திரும்பாமல் தடுக்கும் 120 ஓம் டெர்மினேட்டர் இருக்கிறதா என்று பார்ப்பார். ஐந்து முனை எக்ஸ்எல்ஆர் பிளக்கில் இரண்டாம், மூன்றாம் முனைகளுக்கு நடுவில் ஒரு ரெசிஸ்டர், அவ்வளவுதான். பிறகு யாராவது மைக் கேபிளைச் செருகியிருக்கிறார்களா, சாதாரண இணைப்பியால் இரண்டாகக் கிளை பிரித்திருக்கிறார்களா, ஒரே வரிசையில் 32 கருவிக்கு மேல் போய்விட்டதா என்று ஒவ்வொன்றாகப் போவார். கன்சோல் விளக்குகளுக்குக் கட்டளை அனுப்பும் இந்த டிஎம்எக்ஸ் 512 முறை 1986-இலிருந்து இருக்கிறது. இந்த விதிகள் தெரியாமல் பத்து ஆண்டு அனுபவம் என்று சொல்பவர் கன்சோலுக்கு முன்னால் மட்டுமே உட்கார்ந்தவர்.

கம்பியில்லா மைக்குகளுக்கும் இதுபோல ஒரு கேள்வி. 500, 501, 502 மெகாஹெர்ட்ஸ் என்று சம இடைவெளியில் மூன்று மைக் வைக்கலாமா? கூடாது. முதல் இரண்டும் கலந்து பிறக்கும் உபஅலை (501-இன் இருமடங்கில் 500 போக) சரியாக 502-இல் வந்து விழும். மூன்றாவது மைக்கில் இரைச்சல் வரும், எல்லோரும் பேட்டரியைக் குற்றம் சொல்வார்கள்.

நான்காவதுதான் பள்ளிக்கு மிக முக்கியம். பட்டறைக்கு வரும் இரண்டு மாணவர்களுக்குத் துளைக்கருவியைப் பதினைந்து நிமிடத்தில் சொல்லிக் கொடுக்கச் சொல்லுங்கள். நிர்வாகத்தினர் ஓரமாக நின்று அவர் கையைப் பாருங்கள். கருவி யார் கையில் அதிக நேரம் இருக்கிறது? பிள்ளை தடுமாறும்போது பிடுங்கித் தானே செய்துகாட்டுகிறவர் நல்ல தச்சராக இருக்கலாம். இந்த வேலைக்கு வேண்டாம். தலைமுடியைக் கட்டச் சொல்கிறாரா, பாதுகாப்புக் கண்ணாடி போடச் சொல்கிறாரா, பிட் மாற்றும் முன் பேட்டரியைக் கழற்றுகிறாரா, மரத்தைக் கையில் பிடிக்காமல் கிளாம்ப் போடச் சொல்கிறாரா என்று கவனியுங்கள். குழந்தைகளோடு வேலை செய்ய வருபவர் என்பதால் பின்னணிச் சரிபார்ப்பு எந்தப் பரிந்துரைக் கடிதம் இருந்தாலும் கட்டாயம்.

சான்றிதழ்களில் ஒன்றைச் சொல்லலாம். அமெரிக்காவில் தொடங்கிய இடிசிபி என்ற சான்றிதழ் முறை மேடையில் பாரம் தொங்கவிடும் வேலைக்கும் அரங்க மின்பணிக்கும் தனித்தனியே தேர்வு வைக்கிறது. இருந்தால் நல்லது. பள்ளி வேலைக்கு அதைக் கட்டாயமாக்கினால் நல்ல ஆசிரியர்களை இழப்பீர்கள். ஆண்டுப் பரிசோதனைக்கு வரும் வெளியாளிடம் இருக்கிறதா என்று கேளுங்கள். நடிகரைக் கம்பியில் பறக்கவிடுவது மட்டும் யாரிடம் என்ன சான்றிதழ் இருந்தாலும் உள்ளே செய்யக் கூடாது. அதற்கென்றே இருக்கும் நிறுவனத்தைத்தான் அழைக்க வேண்டும். "நானே பார்த்துக்கொள்கிறேன்" என்று நேர்காணலில் சொல்பவரை அதோடு அனுப்பிவிடலாம்.

நியமனக் கடிதத்தில் இருக்க வேண்டியவை

நிறுத்தும் அதிகாரம் முதலாவது. பாதுகாப்பில்லை என்று அவர் சொன்னால் ஒத்திகையோ காட்சியோ அங்கேயே நிற்க வேண்டும். முதல்வரும் நாடக இயக்குநரும் அதை மீற முடியாது என்று எழுத்தில் இருக்க வேண்டும். அது இல்லாமல் இவரை வைத்தால், விபத்து நடந்தபின் பழி சுமக்க ஒரு ஆளை வைத்ததாகத்தான் அர்த்தம்.

பொருட்செலவுக்குத் தனி ஒதுக்கீடு இரண்டாவது. மரம், பெயின்ட், ஸ்க்ரூ, காஃபர் டேப், பேட்டரி, பல்பு இவை நாடகச் செலவு. கம்பி வடம், கேபிள், ரம்பத்தகடு, பரிசோதனைக் கட்டணம் இவை அரங்கச் செலவு. இரண்டையும் ஒரே தலைப்பில் போட்டால் நாடகம் பராமரிப்பை விழுங்கிவிடும். எப்போதும் அப்படித்தான் நடக்கிறது.

அரங்கத்தை வெளியாருக்கு வாடகைக்கு விடும் பள்ளியென்றால், அந்த நாட்களில் அவர் வேலை செய்வதற்குத் தனி ஊதியம், மாதத்துக்கு இத்தனை நாளுக்கு மேல் கிடையாது என்ற வரம்பு, இரண்டும் வேண்டும். வாடகை நிகழ்ச்சிகள் பராமரிப்பு வாரங்களைத் தின்றுவிட்டால் நாடகத் திட்டத்துக்கு முழுநேர ஆள் இருப்பது பெயரளவில்தான். வகுப்பறைப் புரொஜெக்டர், விளையாட்டு விழா ஒலிபெருக்கி, முதல்வர் அறைத் தொலைக்காட்சி இவையெல்லாம் அவர் வேலையல்ல என்பதையும் எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால் முதல் மாதமே அழைப்பு வரும். தயவுக்குப் போய் ஒருமுறை செய்வார். பிறகு அதுவே வேலையாகிவிடும்.

மின்ரம்பங்கள் ஓடும்போது ஒரு பெரியவருக்கு எட்டு மாணவர்களுக்கு மேல் வேண்டாம். பெரியவர் இல்லாமல் பட்டறைக் கதவே திறக்கக் கூடாது, சாவி மாணவர் கைக்குப் போகக் கூடாது. பணியாளரா ஆசிரியரா என்பதையும் தெளிவாக்குங்கள். ஆசிரியர் பதவியென்றால் பாடம் எடுக்கலாம், மதிப்பெண் போடலாம்; ஆனால் நீண்ட விடுமுறையில் பராமரிப்பு நின்றுவிடும். அதனால் விடுமுறையில் இரண்டு வாரத்துக்குத் தனி ஊதியம் சேர்க்க வேண்டியிருக்கும்.

முதல் பருவம்

வந்த ஆறு வாரத்துக்குப் பெரிய நாடகம் எதையும் வைக்காதீர்கள். அந்த நேரத்தில் செய்ய வேண்டியது ஏராளம். ஒவ்வொரு சர்க்யூட்டையும் போட்டுப் பார்த்து எண் ஒட்டுவது. எல்லாக் குழாய்களின் பாரத்தையும் எழுதிவைப்பது. பழைய செட்டுகளைப் பிரித்து, ஆணி பிடுங்கி, நல்ல மரத்தை நீளவாரியாக அடுக்குவது. தெரியாத ரசாயனமும் காய்ந்த பெயின்டும் முறைப்படி வெளியேற்றுவது. ஏணிகளில் உடைந்ததை உடனே வெட்டிப்போடுவது. உடைந்த ஏணியை ஓரமாகச் சாய்த்துவைத்தால் யாராவது எடுத்து ஏறிவிடுவார்கள். பலர் இந்தக் காலத்தில் "இன்னும் ஒன்றுமே கட்டவில்லையே" என்று முணுமுணுப்பார்கள். கிடங்கின் கதவைத் திறந்து பார்த்தால் போதும், வித்தியாசம் தெரியும்.

ஓராண்டு கழித்து இவரை எப்படி மதிப்பிடுவது? செட் எவ்வளவு அழகு என்பதை வைத்து வேண்டாம். மூன்றாவது நாடகத்தின் இரண்டாவது காட்சியின்போது மேடைக்குப் பின்னால் போய் நில்லுங்கள். ஹெட்செட்டில் குறிப்பு சொல்வது மாணவராக இருக்க வேண்டும். கன்சோலில் விரல் மாணவருடையதாக இருக்க வேண்டும். கயிற்றருகே நிற்பவரும் மாணவராகவே இருக்க வேண்டும். தொழில்நுட்ப இயக்குநர் கையில் எதுவுமில்லாமல், எல்லாவற்றையும் பார்க்கும் இடத்தில் நின்றுகொண்டிருந்தால் வேலை சரியாக நடக்கிறது. அவரே கன்சோலில் உட்கார்ந்திருந்தால், காட்சி எவ்வளவு சிறப்பாக நடந்தாலும், பள்ளிக்கு ஒரு நல்ல தொழிலாளி கிடைத்திருக்கிறார். பிள்ளைகள் ஒன்றும் கற்கவில்லை.

எல்லாமே ஒருவர் தலைக்குள் போய்விடுவதுதான் இந்த ஏற்பாட்டின் பெரிய குறை. அவர் காய்ச்சலில் படுத்தால் அரங்கம் பூட்டிக்கிடக்கும். அதற்கு மருந்து எழுத்துதான். விளக்குத் தொங்கல் வரைபடம், சர்க்யூட் அட்டவணை, மைக் அலைவரிசைப் பட்டியல், கன்சோலின் அடிப்படைக் கோப்பு, கடவுச்சொற்கள், சாவிகளின் எண், பரிசோதனை அறிக்கைகள், கருவிகளின் உத்தரவாதச் சீட்டுகள் இவை ஒவ்வொரு நாடகம் முடிந்ததும் புதுப்பிக்கப்பட்டு, அரங்கில் ஒரு பிரதியும் அலுவலகத்தில் ஒரு பிரதியும் இருக்க வேண்டும். செட்டைக் கலைத்த மறுவாரம் அரை நாளை இதற்கென்றே ஒதுக்குங்கள். அவர் வேலையை விட்டுப் போகும்போது கேட்டு வாங்கலாம் என்று காத்திருக்க வேண்டாம். அந்த நேரத்தில் அவருக்கு நினைவிருப்பதில் பாதிதான் காகிதத்துக்கு வரும்.